ஒருவழி விளக்கு: சர் ஜான் அம்புரோஸ் பிளெமிங்

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றையும் ஒன்றற்கொன்று நேர்கோணமாக விரித்துப் பிடித்து, மின்னோட்டம் எத்திசை, காந்தப்புலம் எத்திசை, இயக்கம் எத்திசை என்று எண்ணிப் பார்க்கும் மாணாக்கரை எந்தப் பௌதிக வகுப்பிலும் காணலாம். மோட்டாருக்கு இடக்கை, டைனமோவுக்கு வலக்கை. இவ்வெளிய வழியை வகுத்த பேராசிரியரின் பெயர் அவ்விதிகளால் பள்ளிதோறும் வழங்குகின்றது. ஆயினும் அவர் உலகுக்கு ஈந்த பெரும்பொருள் பிறிதொன்று. ரேடியோவும் டெலிவிஷனும் பல பத்தாண்டுகள் எதனைக் கொண்டு இயங்கினவோ, அந்த வால்வு என்னும் கண்ணாடிக் குமிழே அது. அதனை முதன்முதல் ஆக்கிய ஜான் அம்புரோஸ் பிளெமிங்கின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுவோம்.

இங்கிலாந்தின் வடபாலுள்ள லங்காஸ்டர் நகரில் 1849-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஒரு சபையின் போதகர். பிளெமிங் சிறுவராயிருக்கும்போதே குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. மற்றைச் சிறுவர் தெருவில் ஆடிக்கொண்டிருக்க, இவர் வீட்டில் ஒரு சிறு பட்டறை அமைத்துக்கொண்டு, படகும் எந்திரமும் செய்து பார்த்துவந்தார். தமக்கு வேண்டிய புகைப்படக் கருவியையும் தாமே செய்துகொண்டார். எந்திர வல்லுநராக வேண்டுமென்பது அவர் வேட்கை. அத்தொழிலைக் கற்பிப்போருக்குக் கட்டவேண்டிய பெரும்பொருள் அக்குடும்பத்தில் இல்லை. எனவே பகலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராயிருந்து, எஞ்சிய பொழுதில் படித்து, லண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரி மாணவராக 1870-இல் பட்டம் பெற்றார்.

அதன்பின் ஆசிரியத் தொழில். 1874-இல் லண்டன் பௌதிக சங்கம் தோன்றியபோது அதன் முதற் கூட்டத்தில் முதற் கட்டுரை படித்தவர் இவரே. ஊதியத்தில் மிச்சம் பிடித்துச் சிறுகச் சிறுக 400 பவுன் சேர்த்தார். அப்பொருளைக் கொண்டு வீடு வாங்கினாரல்லர். 1877-இல், தம் இருபத்தேழாம் வயதில், மீண்டும் மாணாக்கராய்க் கேம்பிரிட்ஜ் சென்றார். ஆங்கு விரிவுரையாற்றியவர் மின்காந்த அலைகளைக் கணக்கினாலே கண்ட மாக்ஸ்வெல் பெருமகனார். அவருடைய விரிவுரைகள் விளங்குதற்கு அரியன. சில நாள்களில் வகுப்பிலிருந்த ஒரே மாணவர் பிளெமிங்தாம். 1879-இல் மாக்ஸ்வெல் மறைந்தார். வெற்றிருக்கைகளின் நடுவே அமர்ந்து கேட்ட அப்பாடம் எவ்வளவு பயன் தந்ததென்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

1882-இல் எடிசனுடைய விளக்குக் கம்பெனியின் லண்டன் கிளை இவரைத் துறையறிஞராக அமர்த்திக்கொண்டது. அந்நாளைய விளக்குகளில் ஒரு குறை இருந்தது. எரிய எரியக் கண்ணாடியின் உட்புறம் கருமை படியும். ஆனால் அக்கருமையின் நடுவே ஒரு கோடு மட்டும் தெளிவாய் நிற்கும். எரியும் இழையினின்றும் ஏதோ ஒன்று நேர்கோட்டில் பாய்கின்றது என்பதற்கு அது சான்று. விளக்கினுள்ளே தனித்த ஓர் உலோகத் தகட்டையும் வைத்துப் பார்த்த எடிசன், தகடு நேர்முனையோடு இணைந்தால் மின்சாரம் ஓடுதலையும், எதிர்முனையோடு இணைந்தால் ஓடாமையையும் கண்டார். கண்டு, அவ்வளவில் விட்டுவிட்டார். பிளெமிங் விட்டாரல்லர். பல்வகை விளக்குகள் செய்வித்துப் பல்லாண்டு ஆராய்ந்து, 1890-இல் ராயல் சங்கத்திற்கு எழுதினார். எனினும் பாய்வது யாது என்று அந்நாளில் எவரும் அறிந்திலர். எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல்தான். ஆராய்ந்த விளக்குகள் அலமாரிக்குள் சென்றன. இதற்குள், 1885-இல், அவர் தாம் படித்த யூனிவர்சிட்டிக் கல்லூரியிலேயே மின்பொறியியற் பேராசிரியராகியிருந்தார்.

1899-இல் மார்க்கோனிக் கம்பெனி இவரைத் துணை வேண்டிற்று. அட்லாண்டிக் கடலைக் கம்பியில்லாமலே கடக்கவேண்டும். அதற்குரிய பேராற்றல் வாய்ந்த மின்னலை நிலையத்தைக் கார்ன்வால் கடற்கரையிலுள்ள போல்டு என்னுமிடத்தில் வகுத்தவர் பிளெமிங். 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அந்நிலையத்து ஒலி நியூபவுண்டுலாந்தில் மார்க்கோனியின் செவிக்கு எட்டியது. உலகம் வியந்தது மார்க்கோனி ஒருவரை மட்டுமே. புகழ் முழுவதும் மார்க்கோனிக்கே உரியது என்று முன்னரே கம்பெனியார் இவரிடம் உடன்பாடு பெற்றிருந்தனர். தருவதாகச் சொன்ன 500 பங்குகளும் வந்தில. மார்க்கோனி 1937-இல் இறக்கும் வரையில் பிளெமிங் இதுபற்றி வாய்திறவாதிருந்தார். சொன்ன சொல்லைக் காத்தார் என்று இதனைப் போற்றலாம். ஆனால், முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு மனக்குறையை உள்ளே வைத்திருத்தல் எளிதன்று என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

இக்காலத்தில் அவருக்கு வேறொரு துன்பமும் வளர்ந்துவந்தது. செவிப்புலன் குன்றிக்கொண்டே சென்றது. கம்பியில்லாத் தந்தியிலோ, வந்த அலைகளைத் தொலைபேசிக் குழலில் காதாற் கேட்டே அறிதல் வேண்டும். காதாற் கேளாமற் கண்ணாற் காணும் வழி இல்லையோ? முள் அசையும் அளவுகருவி இருந்தது. அஃது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கே அசையும். அலைகள் எழுப்பும் மின்சாரமோ நொடிக்கு இலட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓடுவது. ஒரு பாதியை விட்டு மறுபாதியைத் தடுக்கும் கதவு ஒன்று வேண்டும். 1904 அக்டோபரில் இதனை எண்ணிக்கொண்டிருக்கையில் அலமாரியிலுள்ள பழைய விளக்குகள் நினைவுக்கு வந்தன. ஒருவழியே மின்சாரத்தை விடும் இயல்பு அவற்றுக்கு உண்டன்றோ! எடுத்து இணைத்தார், முள் அசைந்தது. அவ்வாண்டு நவம்பர் 16-இல் உரிமை வேண்டி விண்ணப்பித்தார். ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவு போன்றதாகலின் அதற்கு வால்வு என்னும் பெயர் வழங்கலாயிற்று.

உரிமை கம்பெனிக்கே சென்றது, வழக்கும் தொடர்ந்தது. அமெரிக்கராகிய டி பாரெஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கம்பிவலையைச் சேர்த்து, சிறு மின்சாரத்தைப் பெரிதாக்கும் மூன்றுமுனை வால்வை அமைத்தார். அது பிளெமிங்கின் உரிமையைக் கவர்ந்தது என்று 1916-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் 1943-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிளெமிங்கின் அமெரிக்க உரிமையே செல்லாது என்றது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றுமூன்று.

டெலிவிஷனிலும் அம்முதியவருக்குப் பேரார்வம் இருந்தது. டெலிவிஷன் சங்கத்தின் தலைவராகத் தம் இறுதிக்காலம் வரை விளங்கினார். 1936 நவம்பர் 2-இல் அலெக்ஸாண்டிரா மாளிகையினின்றும் பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கியபோது, படத்தைக் காட்டிய பெட்டிகளுள் வால்வு நிறைந்திருந்தது. அதன் 405 கோட்டு ஒளிபரப்பு 1985-இல் நின்றுவிட்டது. எனினும் அத்தகைய பழம்பெட்டிகளைத் தேடியெடுத்து உயிர்ப்பிப்போர் இன்றும் இங்கிலாந்தில் உளர். புதிதாய் இதில் இறங்குவோர்க்கு ஆவல் மிகும். பெட்டியைக் கொணர்ந்த அன்றே மின்சாரத்தோடு இணைத்துப் பார்க்கக் கை துடிக்கும். அது தகாது. மெழுகு பூசிய தாளாலான பழைய மின்தேக்கிகள் காலத்தால் கெட்டு மின்சாரத்தைக் கசியவிடும்; அவற்றை மாற்றாது விசையைத் திருப்பினால் கிடைத்தற்கரிய டிரான்ஸ்பார்மர் கருகும். பல பெட்டிகளில் உட்சட்டமே நேராக மின்கம்பியோடு இணைந்திருத்தலால் அதனைத் தொடுதலும் ஆபத்து. படக்குழாயோ, விசையை நிறுத்திய பின்னும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உள்ளே தேக்கிவைத்திருக்கும்.

இவ்வளவும் செய்துமுடித்துப் படம் வாராவிடின், பழகிய கைகள் முதலில் தேடுவது ஈ.ஒய்.51 போன்ற சிறு வால்வொன்றை. படக்குழாய்க்குரிய உயர்மின்னழுத்தத்தை ஒருதிசைப்படுத்துவது அது. அதன் இழைக்கு வேண்டிய சூடு, படத்தின் கோடுகளை வரையும் பகுதியினின்றே வருகின்றது. ஆதலின் அவ்விழை மங்கலாகச் செந்நிறங் காட்டினால் அப்பகுதி உயிரோடு உள்ளது எனத் துணியலாம். விளக்கை அணைத்து, இருட்டறையில், பெட்டியின் பின்னே தள்ளிநின்று அவர்கள் உற்றுநோக்கும் அச்செம்பொறி, ஓரிழையும் ஒரு தகடும் மட்டுமே உடைய பிளெமிங்கின் பழைய குமிழேயன்றி வேறன்று.

1926-இல் அவர் பேராசிரியப் பதவியினின்று ஓய்வுபெற்றார். 1929-இல் சர் பட்டம் வந்தது. முதல் மனைவியார் 1917-இல் இறந்தபின் நெடுநாள் தனித்திருந்தவர், முதுமையில், பாடகியாகிய ஓர் அம்மையாரை மணந்தார். செவி மங்கிய அறிஞர்க்கு இசைவல்லார் துணையாயினமை வியப்பே. சிட்மவுத் என்னும் கடற்கரையூரில் 1945 ஏப்ரல் 18-இல், தொண்ணூற்றைந்தாம் வயதில், அவர் காலமானார். வால்வின் இடத்தைப் பிடிக்க வந்த டிரான்சிஸ்டர் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது 1947 டிசம்பரில்; அதனைக் காண அவர் இருந்திலர்.