தொடங்கியது 16 மடங்கில்.. நோபல் கிடைத்தது 55 ஆண்டுகள் கழித்து! யார் இந்த எர்ன்ஸ்ட் ருஸ்கா?

கொரோனா காலத்தில் எங்கே பார்த்தாலும் அந்த வைரஸ் படம்தான். உருண்டையான உடம்பு, சுற்றிலும் முள் முள்ளாகப் புரதம். கண்ணுக்கே தெரியாத அந்தக் கிருமியின் உருவத்தை நமக்குக் காட்டியது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். அதன் முதல் வடிவத்தை இயக்கிக் காட்டியபோது எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கு வயது 24. அதற்காக நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது வயது 79!

அப்பாவின் மைக்ரோஸ்கோப்

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 1906 டிசம்பர் 25 அன்று பிறந்தார் ருஸ்கா. வீட்டில் 7 பிள்ளைகள், இவர் 5-வது. அப்பா ஜூலியஸ் ருஸ்கா அறிவியல் வரலாற்று ஆய்வாளர். அவரது அறையில் பெரிய மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தது. ஆனா பிள்ளைகள் யாரும் அதைத் தொடவே கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

மியூனிக்கில் பொறியியல் படிக்கத் தொடங்கிய ருஸ்கா, பிறகு பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தார். அங்கே மேக்ஸ் நோல் என்பவரின் குழுவில் சேர்ந்தார்.

சாதாரண மைக்ரோஸ்கோப் போதாதா?

போதாது. ஒளியும் ஒரு அலைதான். அதன் அலைநீளத்தில் பாதிக்கும் கீழே இருக்கும் பொருளை எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் தெளிவாகப் பார்க்க முடியாது. அதாவது, ஒரு மில்லிமீட்டரை 5,000 துண்டாக்கினால் வரும் அளவோடு ஒளியின் வேலை முடிந்துவிடும். பெரும்பாலான வைரஸ்கள் அதைவிடச் சின்னவை.

ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான், கண்ணாடி லென்ஸுக்குப் பதிலாக மின்காந்தச் சுருள். இதுதான் ருஸ்கா போன வழி. 1931 ஏப்ரலில் இரண்டு சுருள்களை வைத்து ஒரு வலைக்கம்பியின் படத்தைப் பெரிதாக்கினார்கள். எவ்வளவு தெரியுமா? சுமார் 16 மடங்குதான்! ஒரு நல்ல பூதக்கண்ணாடியே அதைச் செய்துவிடும். ஆனா வழி திறந்துவிட்டது. 1933-ல் அவர் கட்டிய அடுத்த கருவி 12,000 மடங்கு பெரிதாக்கியது. ஒளியின் எல்லை உடைந்தது.

பணம் தர ஆள் இல்லை

ஆனாலும் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. எலக்ட்ரான் கற்றை பட்டால் எந்தப் பொருளும் கருகிவிடுமே, உயிருள்ளவற்றை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. ருஸ்கா சோதித்த பஞ்சு இழைகளே கருகித்தான் போயின.

பிழைப்புக்காக ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நண்பர் போடோ வான் போரிஸுடன் சேர்ந்து சுமார் 3 ஆண்டுகள் நிதிக்காக அலைந்தார். கைகொடுத்தது தம்பி ஹெல்முட். மருத்துவரான அவர், நோய்க்கிருமிகளைக் காண இந்தக் கருவி வேண்டும் என்று உறுதியாக நின்றார். அவருடைய பேராசிரியரும் ஆதரவு தந்தார். 1937-ல் சீமென்ஸ் நிறுவனம் ஆய்வகம் அமைத்துக் கொடுத்தது. 1939-ல் விற்பனைக்கான கருவி தயாரானது. ஹெல்முட் அதில் வைரஸ்களைப் படம் பிடித்தார்.

தாமதமாக வந்த பரிசு

1944-ல் குண்டுவீச்சில் அந்த ஆய்வகம் அழிந்தது. போருக்குப் பின் ருஸ்கா மறுபடியும் தொடங்கினார். 1954-ல் வந்த எல்மிஸ்கோப் கருவி ஆயிரத்துக்கும் மேல் விற்றது.

நோபல் வந்தது 1986-ல். இயற்பியல் பரிசில் பாதி அவருக்கு. அதைச் சேர்ந்து கொண்டாட வேண்டிய போரிஸ் 1956-லேயே இறந்துவிட்டார். நோல் 1969-ல், தம்பி ஹெல்முட் 1973-ல் மறைந்தனர். இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது. ருஸ்காவும் 1988 மே 27 அன்று காலமானார்.

இன்று என்ன நடக்கிறது?

2007-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் எய்ச்சி நகமுரா குழு, கார்பன் நானோகுழாய்க்குள் ஒற்றை மூலக்கூறு அசைவதையே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படமாக்கியது. உயிர் மூலக்கூறுகளை உறையவைத்து, சேதத்தைக் குறைத்துப் பார்க்கும் முறைக்கு 2017-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. கருகிவிடும் என்ற பழைய கேள்விக்கு இப்படித்தான் விடை கிடைத்தது. 2020-ல் கொரோனாவின் முள் புரதம் எப்படி இருக்கும் என்று சில வாரங்களில் கண்டுபிடிக்க முடிந்ததும் இந்த முறையால்தான்.