கடல் கடந்த மாணாக்கர் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்

வித்தையை நாடிப் பிறந்தகத்தை விட்டுச் செல்வது நம் தேசத்தில் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். ஸகல வித்தைகளுக்கும் இருப்பிடமான கண்ணபிரானே அவந்தி நகரில் ஸாந்தீபனி முனிவரிடம் குருகுல வாஸம் செய்தருளினான். எம்பெருமானார் ராமாநுஜர் ரஹஸ்யார்த்தத்தைப் பெறும் பொருட்டுத் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரை ப்ரஸித்தம். அந்தத் திருக்கோஷ்டியூர் நம் மேலூர்ச் சீமைக்கு அண்மையில் உள்ளது. அவ்வாசார்யரின் திருநாமத்தைத் தாங்கிப் பிறந்து, கல்வியின் பொருட்டு ஏழு கடலுக்கு அப்பால் சென்று, ஐந்து ஆண்டுகள் தனிமையில் தவித்து, உலகம் வியக்கும் கணித மேதையாகத் திரும்பிய ஓர் ஏழை ஸ்ரீவைஷ்ணவ இளைஞரின் சரிதம் இங்கே சுருக்கமாகக் கூறப்படுகிறது.

ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிய ஸ்ரீநிவாஸ ஐயங்கார். தாயார் கோமளத்தம்மாள், கோயிலில் பஜனைப் பாடல்களைப் பாடும் பக்தை. நெடுநாள் பிள்ளைப்பேறின்றி வருந்திய குடும்பத்தார் நாமக்கல்லில் நரஸிம்ஹனோடு எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை இவர் என்பர். இவருக்குப்பின் பிறந்த குழந்தைகள் மூவர் சிசுப்பருவத்திலேயே மறைந்தனர். இவரும் இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். இத்தகைய தாய் தன் தலைமகனை எவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்திருப்பாள் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குடந்தையில் இவர்கள் வாழ்ந்த சிறிய வீடு ஆராவமுதன் எழுந்தருளியிருக்கும் சார்ங்கபாணி ஸந்நிதித் தெருவில் இருந்தது. 1897-ல் ஆரம்பக் கல்வித் தேர்வில் ஜில்லாவிலேயே முதலாகத் தேறி, 1898-ல் டவுன் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். பதினாறாம் வயதில் கார் என்பார் தொகுத்த கணித நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான ஸூத்திரங்களை நிரூபணமின்றி நிரல்படக் கூறும் அந்நூலே அவருக்கு ஆசான் ஆயிற்று. அது முதல் கணிதமன்றி வேறொன்றும் அவர் மனத்திற் பதியவில்லை. 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தும், மற்றப் பாடங்களைப் புறக்கணித்தமையால் அச்சம்பளத்தை இழந்தார். மனம் நொந்து 1905-ல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் புறப்பட்டுப் போய்விட்டார். பெற்றோர் பதைபதைத்துத் தேடி அவரை மீட்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு சென்னையில் பாட்டியின் இல்லத்தில் தங்கிப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றார்; அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தவறினார். கணிதத்தில் நிகரற்றவர், ஏனைய பாடங்களில் தேறாதவர். கல்லூரிக் கதவு இவ்வாறு இருமுறை அடைபட்டது.

1909-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜானகி என்னும் சிறுமியை மணந்தார். குடும்பம் நடத்த வழி தேடித் தம் கணக்குப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரிய மனிதர்களின் வாயில்களில் நின்றார். திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயர் அவருடைய திறமையைக் கண்டு சென்னை அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவராதலின், இவரைத் தம் பிள்ளைபோற் பேணினார்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ட்ரினிடி கல்லூரியில் ஹார்டி என்னும் கணித அறிஞர் விளங்கினார். அவருக்கு 1913 ஜனவரி 16-ஆம் தேதி ராமாநுஜன் தம் தேற்றங்கள் பலவற்றைக் குறித்துக் கடிதம் விடுத்தார். இதனை எழுதியவர் மஹாமேதை என்று உணர்ந்த ஹார்டி அவரைத் தம்மிடம் வருமாறு அழைக்க முற்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகமும் 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது.

ஆயினும் கடல் கடப்பது எங்ஙனம்? அது ஆசாரக் குடும்பங்களுக்கு அடாத செயல் என்று கருதப்பட்ட காலம். தாயார் ஸம்மதிக்கவில்லை, ராமாநுஜனும் மறுத்துவிட்டார். பின்னர் நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று தாயார் ஸந்நிதியில் இரவுகளைக் கழித்து அநுமதி பெற்றார் என்றும், கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயாரே தோன்றி மகனைத் தடுக்கலாகாது என்று பணித்தருளினாள் என்றும் அன்பர் வழியாக வரலாறு வழங்குகிறது. எங்ஙனமாயினும், தாயின் மனம் இளகிய பின்னரே மகன் பயணத்திற்கு இசைந்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுகளுக்கு அநுமதித்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் தம் பெற்றோருக்குச் சேருமாறு ஏற்பாடு செய்த பின்னரே அவர் கப்பலேறினார். தாயும் மனைவியும் குடந்தைக்குச் சென்ற பிறகு குடுமியைக் களைந்தார். அவர்கள் கண்முன் அது நிகழ வேண்டாம் என்று எண்ணினார் போலும்.

1914 மார்ச் 17-ஆம் தேதி நேவாஸா என்னும் கப்பலில் சென்னையை விட்டு நீங்கி, சித்திரை பிறந்த சமயத்தில், ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் சேர்ந்தார். சென்னைக்கு வந்து அவரை இசைவித்த நெவில் என்னும் இளம் ஆசிரியரே அங்கும் எதிர்கொண்டு தம் இல்லத்தில் தங்க வைத்தார். சில வாரங்களுக்குப்பின் கல்லூரி அறைக்கு மாறினார். அது முதல் தொடங்கியது அவருடைய தனி வாழ்வு.

கல்லூரிப் போஜனசாலையில் அவர் உண்ணவில்லை. தம் அறையிலேயே சிறிய அடுப்பில் தாமே சமைத்துக்கொண்டார். வெளியில் உடுத்த உடையைக் களைந்து வேறு உடை தரித்தே அடுப்பண்டை செல்வார் என்று ஹார்டி குறித்துள்ளார். மடி என்னும் சொல்லையே அறியாத நாட்டில், பார்ப்பவர் எவரும் இல்லாத அறையில் அந்நியமத்தைக் காத்தார். ஊரிலிருந்து கொட்டை நீக்கிய புளியும் தேங்காயெண்ணெயும் அனுப்புமாறு நண்பருக்கு எழுதினார். மாட்டியறியாத காலணி பாதங்களை வருத்தியது. குளிரோ தாங்க முடியாததாயிருந்தது. ஒருநாள் வங்கத்து மாணவராகிய மஹலநோபிஸ் அவர் அறைக்கு வந்தபோது, மேலங்கியையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு இரவெல்லாம் நடுங்கியதை ராமாநுஜன் கூறினார். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் விரிப்பின்கீழ் நேர்த்தியாக மடித்துச் செருகப்பட்டிருந்தன! அவற்றின் உட்புகுந்து படுக்க வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. கேட்க அவருக்கும் தோன்றவில்லை. அயலூரிற் பயிலும் பிள்ளைகள் படும் துன்பங்களிற் பல இவ்வகைப்பட்டனவே. ஒரு சொல்லால் தீரக்கூடியவை சொல்வாரின்றி நீள்கின்றன.

விருந்தோம்பலில் பெருவிருப்பம் உடையவர். ஒருமுறை தம் அறைக்கு நண்பரையும் பெண்மணிகள் சிலரையும் அழைத்துத் தாமே ரஸம் வைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாறுகையில் பெண்மணிகள் போதும் என்று மறுத்தனர். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. மனம் புண்பட்டு வெளியேறியவர் ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார். சில நாள் கழித்தே திரும்பினார். இது சிரிப்பதற்குரிய செய்தியன்று. தனிமையில் நெஞ்சம் எவ்வளவு மென்மையாகிவிடும் என்பதற்கு இதுவே சான்று.

1914 ஆகஸ்டில் மஹாயுத்தம் மூண்டது. காய்கறி அருகியது, கல்லூரியில் இருந்தோர் பலர் போர்முனைக்குச் சென்றனர். அத்தனை இடர்களுக்கிடையிலும் ஹார்டியும் ராமாநுஜனும் நாள்தோறும் கூடி உழைத்தனர். ஹார்டியோ தெய்வ நம்பிக்கை இல்லாதவர். ராமாநுஜனோ தாயாரின் அருளே தம் அறிவு என்றிருந்தவர். ஆயினும் ஒருவரை ஒருவர் மதித்தமையால் அக்கூட்டு அரும்பயன் அளித்தது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சியின் பொருட்டு பி.ஏ. பட்டம் பெற்றார். குடந்தையிலும் சென்னையிலும் நழுவிய பட்டம் அங்கே கைகூடிற்று.

அவர்கள் ஆராய்ந்த ஒரு பொருளை யாவரும் அறியக் கூறலாம். 4 பழங்களைக் குவியல்களாகப் பிரிக்க வேண்டுமாயின், நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, எல்லாம் தனித்தனியாக என 5 வழிகளே உண்டு. 5 பழங்களுக்கு 7 வழிகள். 100 பழங்களுக்கோ 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வழிகள்! எண்ணிக்கை பெருகப் பெருக இத்தொகை எவ்வாறு வளர்கிறது என்பதற்கு அவ்விருவரும் 1918-ல் வெளியிட்ட ஸூத்திரம் கணித உலகை வியக்கச் செய்தது.

ஆனால் உடல் தளர்ந்தது. 1917-ல் நோய் கண்டு, ஒரு சிகிச்சைசாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறிச் சென்றார். க்ஷயம் என்று அக்காலத்து மருத்துவர் பலர் கருதினர்; ஈரலைப் பற்றிய கிருமி நோயாயிருக்கலாம் என்று பிற்காலத்தார் ஆராய்ந்து கூறினர். அங்கெல்லாம் அவர் நாவுக்கு ஏற்ற உணவு கிடைப்பது அரிதாயிற்று. வீட்டிலிருந்து கடிதங்களும் குறைந்தன. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மனத்தாங்கல் நேர்ந்து, தாம் எழுதிய கடிதங்கள் கணவரைச் சேரவில்லை என்று ஜானகி அம்மாள் பின்னாளில் தெரிவித்தார். நோய், பசி, குளிர், தனிமை ஆகிய நான்கும் சேர்ந்து வாட்டியதால், 1918-ல் தம் உயிரையே விடத் துணிந்த விபரீதமும் நேர்ந்தது, தெய்வாதீனமாகப் பிழைத்தார்.

அவ்வாண்டிலேயே பெருமைகளும் தேடி வந்தன. 1918 மே மாதம் ராயல் ஸொஸைடியின் அங்கத்தினராயினார். அக்டோபரில் ட்ரினிடி கல்லூரியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. நோயுற்றுக் கிடந்த அவரைக் காணவந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அது சிறப்பற்ற எண் என்றும் கூற, இரண்டு கன எண்களின் கூட்டாக இருவகையில் அமையும் எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று ராமாநுஜன் உடனே எடுத்துரைத்தார். 12-ன் கனத்தோடு 1-ன் கனம். 10-ன் கனத்தோடு 9-ன் கனம். இரண்டும் 1729 ஆதல் காண்க.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தபோது, நோய்ப்படுக்கையிலிருந்து 1919 ஜனவரியில் அவர் ஒரு கடிதம் விடுத்தார். 50 பவுன் தம் பெற்றோருக்குச் சேரவேண்டும். தம் அவசியச் செலவு போக மிகுந்தது ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் கல்விக்குப் பயன்பட வேண்டும் என்பது அதன் கருத்து. சம்பளம் கட்ட வகையின்றிப் படிப்பை இழப்பது இன்னதென்று அநுபவித்தறிந்தவர் அல்லரோ!

1919 மார்ச் 27-ஆம் தேதி பம்பாய்த் துறையில் இறங்கினார். கடல் கடந்த தோஷம் நீங்க ராமேச்வரம் அழைத்துச் செல்லத் தாயார் எண்ணியிருந்தும், உடல்நிலை இடம் தரவில்லை. மதுரை வழியே ஸேதுவுக்குச் செல்லவேண்டிய அந்த யாத்திரை நடைபெறாமலே போயிற்று. கொடுமுடி, கும்பகோணம், சென்னை என்று இடம் மாற்றியும் நோய் தணியவில்லை. அந்நிலையிலும் ஜானகி அம்மாள் அருகிருந்து பணிவிடை செய்யக் கணக்கெழுதிக்கொண்டேயிருந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, சித்திரை மாதத்தில், சேத்துப்பட்டில் தமது 32-ஆம் பிராயத்தில் பரமபதம் அடைந்தார். அவ்வீற்றாண்டில் எழுதிய தாள்கள் 1976-ல் ட்ரினிடி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, இன்றும் அறிஞர்களால் ஆராயப்படுகின்றன. ஜானகி அம்மாள் தையற்பணி செய்து வாழ்ந்து, ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, 1994-ல் மறைந்தார்.

பிராயச்சித்தம் செய்யப்படவில்லை என்று உறவினர் பலர் அவருடைய அந்திமக் கிரியைக்கு வரவில்லை. பனி பெய்யும் தேசத்தில் பசித்திருந்தும் மடி வழுவாது காத்த மகனுக்கு, சொந்த ஊரார் கொடுத்த மரியாதை இதுவாயிற்று. ஆசாரம் காக்கத் தக்கதே, அதில் ஐயமில்லை. ஆனால் தயை நீங்கிய ஆசாரம் விளக்கில்லாத ஸந்நிதி போன்றது. தாம் நரகம் புகினும் பலரும் உய்வார்களாயின் அதுவே போதும் என்று திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறிநின்று ரஹஸ்யத்தை வெளியிட்ட உடையவரின் அடியார்கள் இதனை மறக்கலாகாது.

இத்திருவிழாவிற் கூடியிருக்கும் பக்தகோடிகளில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் மதுரையிலும் சென்னையிலும் கடல் கடந்த தேசங்களிலும் பயில்கின்றனர். அவர்களுக்கு அனுப்பும் பணத்தோடு அன்பான சொற்களும் சென்று சேர வேண்டும். உண்டாயா, உறங்கினாயா என்று வினவும் குரல் இடையறாது ஒலிக்க வேண்டும். தேர்வில் தவறிய பிள்ளையை இகழாது அணைத்துக்கொள்ள வேண்டும். அயலூரிலிருந்து நம் ஊருக்குப் படிக்க வந்த பிள்ளை எக்குலத்தவனாயினும் அவனுக்கு ஒருவேளை அன்னமிடுவது எம்பெருமான் திருவுள்ளம் உகக்கும் கைங்கர்யமாகும். கோயிலை விட்டு மதுரைக்கு எழுந்தருளும் அழகரைப் பல்லாயிரம் பேர் எதிர்கொண்டழைத்து, நலமாக மலைக்குத் திரும்பும்வரை உடன் செல்லும் நாடு இது. வித்தைக்காகப் புறப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் அவ்வாறே நலமாக வீடு திரும்பத் திருமாமகள் கேள்வன் திருவருள் புரிவானாக.

சுபமஸ்து.