ஜான் ஹண்டரும் மலட்டுக் கிடாரியும்

வினாவை எழுப்பியவர் ஒருவராகவும் விடை கண்டவர் மற்றொருவராகவும் இருத்தல் அறிவியல் வரலாற்றில் நாம் பன்முறை காணும் காட்சியாகும். விதைத்தவர் மறைந்து நூறாண்டு கடந்தபின் விளைவு தோன்றுதலும் உண்டு. அத்தகைய விதை ஒன்றை ஊன்றிச் சென்ற ஜான் ஹண்டர் என்னும் இரண வைத்தியரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

ஸ்காட்லாந்து நாட்டிலே, கிளாஸ்கோ நகருக்கு அண்மையிலுள்ள லாங் கால்டர்வுட் என்னும் இடத்தில், 1728-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில், பத்து மக்களுள் கடைசி மகவாக இவர் பிறந்தார். ஏட்டுக் கல்வியில் இவருக்கு மனம் செல்லவில்லை. எறும்பும் தேனீயும் பறவையுமே இவருக்குப் பாடநூல்களாயின. 1748-ஆம் ஆண்டு, இருபதாம் வயதில் லண்டன் மாநகரை அடைந்து, அங்கே உடற்கூற்றியல் கற்பித்துவந்த தம் தமையனார் வில்லியம் ஹண்டரிடம் துணைவராக அமர்ந்தார். பிணங்களை அறுத்து ஆராயும் அத்தொழிலில் தமையனாரும் வியக்குமாறு தேர்ச்சி பெற்றார்.

பின்னர்ப் படையிற் சேர்ந்து, பெல்-ஈல் தீவிலும் போர்ச்சுக்கல் நாட்டிலும் காயமுற்ற வீரர்க்கு மருத்துவம் செய்து, 1763-ஆம் ஆண்டு லண்டனுக்கு மீண்டார். 1767-இல் அரச சங்கத்தின் உறுப்பினரானார். 1768-இல் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் இரண வைத்தியரானார். அம்மை குத்தும் முறையை உலகிற்கு அளித்த எட்வர்டு ஜென்னர் இவர்தம் மாணாக்கரே. நகர்ப்புறத்து ஏர்ல்ஸ் கோர்ட்டில் இவர் அமைத்த இல்லத்திலே சிறுத்தையும் எருமையும் பிறவும் வளர்ந்தன. பொருளெல்லாம் ஆராய்ச்சிக்கே கரைந்தது.

இனி, நாம் சிறப்பாகக் கூறக் கருதியது மலட்டுக் கிடாரியைப் பற்றிய ஆராய்ச்சியாகும். பசு இரட்டைக் கன்று ஈனுங்கால், ஒன்று காளையும் மற்றொன்று கிடாரியுமாயின், அக்கிடாரி பெரும்பாலும் சினைப்படாது என்பதை ஆங்கில நாட்டு உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதனை ஃபிரீமார்ட்டின் என அழைத்து, எருதுகளோடு நுகத்திற் பூட்டி வேலை வாங்கினர். ஹண்டர் அத்தகைய கிடாரிகளை அறுத்துப் பார்த்து, 1779-ஆம் ஆண்டு அரச சங்கத்தின் முன் தம் கட்டுரையை வைத்தார். அவற்றின் உடலுள் பெண்ணுறுப்புகள் குன்றியும், ஆணுறுப்புகளின் கூறுகள் கலந்தும் இருந்தன. உருவும் குரலும் எருதை ஒத்தன. காளையை அவை நாடுவதில்லை. காளையும் அவற்றை நாடுவதில்லை. உடலோடு நடத்தையும் மாறியிருந்ததை ஹண்டர் குறித்துவைத்தார். இது நேர்ந்தது எவ்வாறு? அதற்கு அவர் காரணம் கூறவில்லை. காணாததைக் கண்டதாகக் கூறாமை அவருடைய பெருமைகளுள் ஒன்று.

ஆயினும் விடை அவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது! தாயின் குருதியும் கருவின் குருதியும் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே ஓடுகின்றன என்று நச்சுக்கொடியை ஆராய்ந்து காட்டியவரும் அவரே. அக்கண்டுபிடிப்பு யாருடையது என்பது பற்றி 1780-ஆம் ஆண்டு தமையனாரோடு பெரும்பூசல் விளைந்தது. உடன்பிறந்தார் இருவரும் பிரிந்தனர். நச்சுக்கொடியையும் அறிந்தார், கிடாரியையும் அறிந்தார். இரண்டையும் இணைக்கும் இழை மட்டும் அவர்க்குப் புலப்படவில்லை.

அவ்விழையைக் கண்டவருள் ஒருவர் சிகாகோப் பல்கலைக் கழகப் பேராசிரியர் ஃபிராங்க் லில்லி ஆவார். இரட்டைக் கன்றுகளின் நச்சுக்கொடிக் குழாய்கள் தம்முள் இணைந்துவிடுவதால், ஆண் கன்றின் விதையில் ஊறும் சுரப்புகள் குருதி வழியே பெண் கன்றை அடைந்து அதனை மாற்றுகின்றன என்று 1917-ஆம் ஆண்டு அவர் விளக்கினார். அச்சுரப்புகளே ஹார்மோன்கள் எனப்படுவன.

உடல் மாறுவது இவ்வாறாயின், நடத்தை மாறுவது எவ்வாறு? 1959-ஆம் ஆண்டு வில்லியம் யங் என்பாரும் அவர்தம் துணைவரும், சினையுற்ற கினிப்பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தினர். அவை ஈன்ற பெண் குட்டிகள் வளர்ந்தபின் பெண்ணுக்குரிய நடத்தையிற் குன்றி, ஆண்போல் நடந்தன. பிறகு பெண் ஹார்மோனை அளித்தும் அந்நிலை மாறவில்லை. பிறக்குமுன் பதிந்த அச்சு நிலைத்துவிட்டது. 1978-ஆம் ஆண்டு ராஜர் கோர்ஸ்கி முதலியோர், எலியின் மூளையிலே ஒரு சிறு பகுதி ஆணிடத்துப் பெரிதாகவும் பெண்ணிடத்துச் சிறிதாகவும் இருப்பதைக் கண்டனர். பிறப்பை ஒட்டிய நாட்களில் ஹார்மோனைக் கூட்டியோ குறைத்தோ அவ்வளவை மாற்றவும் இயன்றது. எனினும் எலிக்குக் கண்டதை மனிதர்க்கு அப்படியே கூறலாகாது. மனிதரை வளர்ப்பும் வழக்கமும் கல்வியும் உருவாக்குகின்றன; ஆடவர் மூளையும் மகளிர் மூளையும் பெரிதும் ஒத்தனவே.

ஹண்டரிடம் குறையும் இல்லாமற் போகவில்லை. பேருருவம் படைத்த சார்லஸ் பைர்ன் என்னும் ஐரிஷ்காரர், தம் உடலைக் கடலில் இடுமாறு விரும்பி 1783-இல் இறந்தார். அவ்விருப்பத்தை மீறி ஹண்டர் அவ்வுடலைப் பெற்றார். அவ்வெலும்புக்கூடு நெடுங்காலம் காட்சிப்பொருளாயிருந்து, 2023-ஆம் ஆண்டிலேதான் காட்சியினின்று நீக்கப்பட்டது. அறிவு வேட்கை மிகுந்த இடத்தில் இரக்கம் பின்தங்கியது எனக் கூறாதிருக்க இயலவில்லை.

சினம் தம் நெஞ்சுநோயை மிகுவிக்கும் என்பதை ஹண்டர் நன்கு அறிந்திருந்தார். அறிந்திருந்தும், 1793-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், மருத்துவமனைக் கூட்டத்தில் எழுந்த வாதத்தினிடையே உள்ளங் கொதித்து, அன்றே உயிர் நீத்தார். அவர் திரட்டிய அருங்காட்சிப் பொருள்களை அரசினர் 1799-இல் 15,000 பவுனுக்கு வாங்கினர். கையெழுத்துப் படிகள் பலவற்றையோ அவர்தம் மைத்துனரே 1823-இல் எரித்துவிட்டார்.

நுகத்திற் பூட்டப்பட்ட ஒரு மலட்டுக் கிடாரியை இகழாது உற்றுநோக்கினார் ஹண்டர். அதனால் நாம் அறிவது யாது? பிறப்பிலேயே ஒருவர் பிறரினும் வேறுபட்டுத் தோன்றின், அது அவர் செய்த குற்றமும் அன்று, பெற்றோர் செய்த பாவமும் அன்று. கருவில் ஓடும் குருதியிற் கலந்த சிறு துளியும் அங்ஙனம் செய்ய வல்லது. இதனை உணர்ந்தோர் நகைத்தலை விடுத்து நயத்தலை மேற்கொள்வர் அன்றோ!