இப்னு கல்தூன்

துனிசு நகரில் 1332ஆம் ஆண்டு பிறந்த இப்னு கல்தூன், இளமையிலேயே பெற்றோரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். அரசவைப் பணிகளும் சிறைவாசமும் ஆட்சியின் இயல்பை அவருக்கு உணர்த்தின. அல்ஜீரியக் கோட்டை ஒன்றில் தங்கி, 1377இல் ‘முகத்திமா’ என்னும் நூலை எழுதினார்.

உழைப்போர் வறுமையில் வாட, சிலரிடம் மட்டும் செல்வம் குவிவது ஏன் என்பதை அந்நூலில் ஆராய்ந்தார். பதவியில் இருப்பவருக்குப் பிறர் கூலியின்றி உழைப்பதால் அவரிடம் பொருள் சேர்கிறது என்றார். உழைப்பே ஏழையின் உடைமை. ஆதலின், ஊதியமின்றி வேலை வாங்குவது கொடிய அநீதி எனக் கண்டித்தார். ஆடம்பர அரசு வரியை உயர்த்தினால் மக்கள் ஊக்கம் இழப்பர். நாடும் நலியும் என எச்சரித்தார். குறைந்த வரியும் நடுநிலை தவறாத நீதியுமே நாட்டைக் காக்கும் என்பது அவர் துணிபு.

1384இல் கெய்ரோவில் நீதிபதியானபோது, செல்வாக்கு மிக்கோரின் பரிந்துரைகளை ஏற்க மறுத்தார். அதனால் பகை வளர்ந்தது. மறு ஆண்டே பதவி பறிபோனது. பின்னரும் பலமுறை அப்பதவிக்கு அழைக்கப்பெற்ற அவர், 1406இல் கெய்ரோவிலேயே மறைந்தார்.