செபத்தில் நினைக்கப்பட்ட ஆட்டக்காரர் கில் ஹாட்ஜஸ்

1953ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிறு. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த அருட்தந்தை ஹெர்பர்ட் ரெட்மண்ட், வெப்பம் அதிகமாயிருப்பதால் அன்று மறையுரை இல்லை என்று அறிவித்தார். வீடு திரும்பி இறைவனின் கட்டளைகளைக் கடைப்பிடிக்கும்படியும், கில் ஹாட்ஜசுக்காகச் செபிக்கும்படியும் மக்களைக் கேட்டுக்கொண்டார்.

கில் ஹாட்ஜஸ் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். 1924 ஏப்ரல் 4 அன்று இந்தியானா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அங்குள்ள புனித யோசேப்பு கல்லூரியில் பயின்றார். 1943இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஓர் ஆட்டம் ஆடிய கையோடு கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து ஒகினாவாப் போர்முனைக்குச் சென்றார். வீரப் பதக்கம் பெற்றும் அதைப்பற்றி அதிகம் பேசியதில்லை. 1948இல் ஜோன் லொம்பார்டியை மணந்து புரூக்ளினிலேயே குடியமர்ந்தார்.

புரூக்ளின் மக்களுக்கு ஒரு தீராத ஏக்கம் இருந்தது. அதே நகரின் யாங்கீஸ் அணியுடன் 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை உலகத் தொடர் இறுதியில் மோதியும் ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை. இதில் 1952ஆம் ஆண்டுத் தோல்வி ஹாட்ஜசுக்கு மிகக் கொடியது. ஏழு ஆட்டங்களில் 21 வாய்ப்புகள். ஒரு பந்தைக்கூட அவரால் சரியாக அடிக்க இயலவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அதே நிலைதான்.

நம் ஊர் கிரிக்கெட் இரசிகர்கள் இப்படிப்பட்ட ஒருவரை என்ன பாடு படுத்துவார்கள் என்பது நமக்குத் தெரியும். புரூக்ளின் மக்களோ அவரை ஏளனம் செய்யவில்லை. கத்தோலிக்கர் செபமாலையும் உத்தரியமும் அனுப்பினர், யூதர் தங்கள் மறைநூல் சுருளை அனுப்பினர், சிலர் அதிர்ஷ்டத்திற்காக முயலின் காலையும் அனுப்பினர்! அந்த ஆண்டே அவர் மீண்டெழுந்து 31 ஹோம் ரன்கள் அடித்தார். ஆனாலும் கோப்பை யாங்கீசுக்கே போனது.

1955 அக்டோபர் 4. மீண்டும் யாங்கீஸ், தொடர் மூன்றுக்கு மூன்று எனச் சமநிலை. நான்காம் இன்னிங்சில் ஹாட்ஜஸ் அடித்த பந்தில் ராய் காம்பனெல்லா ஓடிவந்து முதல் ஓட்டத்தைச் சேர்த்தார். ஆறாவதில் ஹாட்ஜஸ் பந்தை உயரத் தூக்கி அடித்தார். அது பிடிபட்டு அவர் ஆட்டமிழந்தார். பிடிபட்டவுடன் பீ வீ ரீஸ் ஓடிவந்து இரண்டாவது ஓட்டத்தைச் சேர்த்தார். பேஸ்பாலில் இதற்குத் தியாக அடி என்றே பெயர்.

ஆனால் ஆட்டம் முடிந்துவிடவில்லை. அதே இன்னிங்சில் யாங்கீசின் இருவர் தளங்களில் நிற்க, யோகி பெர்ரா இடது எல்லைக் கோட்டருகே அடித்தார். சற்று முன்தான் களமிறங்கிய சாண்டி அமோரோஸ் வெகுதூரம் ஓடிக் கையை நீட்டிப் பிடித்தார். அவர் ரீசுக்கு எறிய, ரீஸ் முதல் தளத்தில் நின்ற ஹாட்ஜசுக்கு எறிய, திரும்பி வர முடியாத மற்றொருவரும் ஆட்டமிழந்தார். 23 வயது ஜானி பாட்ரெஸ் கடைசிவரை ஓர் ஓட்டமும் கொடுக்காமல் பந்தெறிந்தார். ஒன்பதாம் இன்னிங்சின் கடைசிப் பந்து, ரீஸ் எறிந்து தாழ்வாக வந்தது. பிடித்தவர் ஹாட்ஜஸ். 2-0! புரூக்ளினில் ஆலய மணிகளும் மோட்டார் ஒலிப்பான்களும் சேர்ந்து ஒலித்தன.

இரண்டே ஆண்டுகளில் டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்ந்துவிட்டது. புரூக்ளினுக்குக் கிடைத்தது அந்த ஒரே கோப்பைதான். ஹாட்ஜஸ் பின்னர் பயிற்சியாளராகி, எவரும் மதிக்காத நியூயார்க் மெட்ஸ் அணியை 1969இல் உலகத் தொடர் வெற்றிக்கு வழிநடத்தினார். 1972 ஏப்ரல் 2, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, 48 வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில் மாரடைப்பால் காலமானார். புரூக்ளின் திருச்சிலுவைக் கல்லறைத் தோட்டத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

பேஸ்பால் புகழ்மன்றம் அவரைப் பலமுறை ஒதுக்கியபின் 2022 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அப்போது மனைவி ஜோனுக்கு வயது 95. அந்தச் செப்டம்பரில் அவரும் இறைவனடி சேர்ந்தார்.