பந்தயக் கார் கண்ட கரிவரதன்

சென்ற கோடை விடுமுறையில் மந்தாரக்குப்பத்தில் என் தாய்மாமன் நடத்தும் பட்டறையில் எடுபிடி வேலை செய்துவந்தேன். ஒரு நாள் இளைஞர் ஒருவர் தம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரங்கள் நான்கும் உடலை விட்டு வெளியே தெரிய வேண்டும், பந்தயக் கார் போல் தோற்றம் வேண்டும் என்பது அவர் ஆசை. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே 25 மி.மீ. கனமுள்ள ஸ்பேசர் என்னும் வட்டத் தகட்டை வைத்துத் தரும்படி கேட்டார். மாமா மறுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, பேரிங் போய்விடும் என்று மட்டும் சொன்னார். இளைஞர் முகம் சுளித்து வேறு பட்டறையைத் தேடிப் போனார்.

பந்தயக் கார்கள் அகலமாகத்தானே இருக்கின்றன, நாம் அகலப்படுத்தினால் மட்டும் ஏன் தவறு என்ற கேள்வி என்னைக் குடைந்தது. விடை தேடிய வழியில்தான் கோவை கரிவரதனின் வாழ்க்கை எனக்கு அறிமுகமாயிற்று.

1954-ஆம் ஆண்டு பிறந்த கரிவரதன், கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1910-இல் குப்புசாமி நாயுடு தொடங்கிய ஆலை அது. பஞ்சாலையும் செல்வமும் பிறந்த வீட்டிலேயே இருந்தன. ஆனால் அவர் மனமோ மோட்டார் பந்தயத்தில் இருந்தது. அந்நாளில் தமிழகத்தின் பந்தயக் களம் சென்னையை அடுத்த சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமே அங்குப் பந்தயப் பாதையாக மாறியிருந்தது. அந்தக் களத்தில் காரோட்டிப் பெயர் பெற்றவர் கரிவரதன். வெற்றி பெற்றதோடு நின்றிருந்தால் அவர் பல வீரர்களுள் ஒருவராக மறக்கப்பட்டிருப்பார். அவரைத் தனித்து நிறுத்தியது, காரை ஓட்டிய கை காரைச் செய்யவும் துணிந்ததுதான்.

வெளிநாட்டுப் பந்தயக் காரை வரவழைப்பது செல்வருக்கே இயலும். திறமையிருந்தும் பணமில்லாத இளைஞன் என்ன செய்வான்? 1980-களின் இறுதியில் இதற்குக் கரிவரதன் தந்த விடைதான் ஃபார்முலா மாருதி. 1983 முதல் நம் சாலைகளில் ஓடத் தொடங்கிய மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை அவர் எடுத்துக்கொண்டார். அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்து, சக்கரங்கள் திறந்து நிற்கும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். எஞ்சின்தான் வீட்டுக் காருடையது. எலும்புக்கூடு முழுவதும் பந்தயத்திற்கெனவே பிறந்தது.

என் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. நம் இயற்பியல் வகுப்பில் கற்ற திருப்புதிறனைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு காரின் எடை 800 கிலோ, எடை மையத்தின் உயரம் அரை மீட்டர், இடவலச் சக்கரங்களின் இடைவெளி 1.20 மீட்டர் எனக் கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு பக்கவாட்டு முடுக்கம் உண்டாகும் வளைவில், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்குச் சுமார் 167 கிலோ பாரம் மாறும். நான்கு ஸ்பேசர்களை வைத்தால் இடைவெளி 1.25 மீட்டர் ஆகும். மாறும் பாரம் 160 கிலோவாகக் குறையும். ஆக, கிடைத்த லாபம் 7 கிலோ.

இனி நட்டத்தைப் பார்ப்போம். முன்சக்கரம் திரும்பும் அச்சைக் கீழே நீட்டினால் அது தரையில் ஒரு புள்ளியைத் தொடும். அங்கிருந்து டயரின் நடுக்கோடு 10 மி.மீ. வெளியே இருந்ததாகக் கொண்டால், ஸ்பேசர் வைத்தபின் அது 35 மி.மீ. ஆகிவிடும். ஒரு சக்கரம் தாரிலும் மற்றொன்று மணலிலும் இருக்கையில் பிரேக் பிடித்தால், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுக்கும் திருப்புதிறனும் மூன்றரை மடங்காகும். சக்கரம் தாங்கும் பாரம் வெளியே தள்ளிப்போவதால் பேரிங்கை அது நெம்புகிறது. நெம்புகோல் நீண்டதால் ஸ்பிரிங்கும் தளர்ந்ததுபோல் ஆகிறது. பழைய போல்ட்டுகளையே வைத்தால் நட்டு பிடிக்கும் மரையும் குறைகிறது.

பந்தயக் காரிலும் சக்கரங்கள் விலகித்தான் நிற்கின்றன. ஆனால் அங்குச் சக்கரத்தைத் தாங்கும் கைகளே நீளமாக அமைகின்றன. சக்கரத்தோடு அது திரும்பும் அச்சும் பேரிங்கும் சேர்ந்தே வெளியே வருகின்றன. ஓட்டுநர் தரையை ஒட்டிப் படுத்தாற்போல் அமர்வதால் எடை மையமும் தாழ்கிறது. அந்த அகலம் முதற்கோடு வரையும்போதே தீர்மானித்தது. ஸ்பேசர் தருவதோ கடைசியில் ஒட்டவைத்த அகலம்.

கரிவரதனின் வாழ்வும் இதையே சொல்வதாக எனக்குத் தோன்றியது. மேலே மினுக்குவதை அவர் விரும்பவில்லை, அடித்தளத்தை அமைத்தார். அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகியவர்களுள் ஒருவரே கோவை நாராயண் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. அந்நாளைக் காணக் கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்டில் நேர்ந்த விமான விபத்து, 41 வயதிலேயே அவரைக் கொண்டுபோய்விட்டது. கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு மாதம் கழித்து அந்த இளைஞர் மீண்டும் எங்கள் பட்டறைக்கு வந்தார். முன்சக்கரத்தில் ஊளைச் சத்தம்; பள்ளம் கண்ட இடமெல்லாம் ஸ்டியரிங் கையை வெட்டி இழுக்கிறதாம். இரவில் பெற்றோருடன் வந்தபோது எதிரே வந்த லாரிக்கு மயிரிழையில் தப்பியதைச் சொல்கையில் அவர் குரல் நடுங்கியது. மாமா ஒன்றும் பேசாமல் தகடுகளைக் கழற்றிவிட்டுப் புதுப் பேரிங் போட்டார். நான் என் கணக்கை அவரிடம் காட்டினேன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர் அவர். தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, இனி வருகிறவர்களுக்குச் சொல்ல வசதியாக அதைச் சுவரில் ஒட்டச் சொன்னார். அவர் கை முன்பே அறிந்திருந்ததைத்தான் நான் படித்து அறிந்தேன் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

நண்பர்களே, கையின் அறிவும் கணக்கின் அறிவும் ஒரே மனிதரிடம் கூடினால் என்ன விளையும் என்பதற்குக் கரிவரதனின் வாழ்வு சான்று. பட்டம் பெற்று வெளியேறும் நாம் பட்டறைகளை மறவாதிருப்போம்.