ஆன் கரோல் மூர்: குழந்தைகளுக்கு நூலகக் கதவைத் திறந்தவர்

கிளப் ஹவுஸ் அலமாரிக்குப் பழைய கதைப் புத்தகங்கள் கொடுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். நீங்கள் கொடுத்தவை நான்கு அட்டைப்பெட்டி நிறைய வந்துவிட்டன. நன்றி. பிரித்து அடுக்க உட்கார்ந்தபோதுதான் வாக்குவாதம் தொடங்கியது. பேய்க் கதை வேண்டாம் என்றார் ஒருவர். காமிக்ஸை ஒதுக்கிவைத்தார் இன்னொருவர். நானும் சும்மா இருக்கவில்லை, இரண்டு புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பெட்டிக்குள்ளேயே திருப்பிப் போட்டேன். அன்று இரவு நினைவுக்கு வந்தவர் ஆன் கரோல் மூர். இந்த இதழின் ‘வாழ்ந்து காட்டியவர்கள்’ பகுதிக்கு அவரையே எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லிமெரிக் என்ற சிற்றூரில் 1871-ல் பிறந்தவர் அவர். ஏழு அண்ணன்களுக்குத் தங்கை. அப்பா வக்கீல். அவரிடமே சட்டம் படிக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. 1892 ஜனவரியில் வந்த ஃப்ளூ காய்ச்சல் அப்பா, அம்மா இருவரையும் சில நாள் இடைவெளியில் கொண்டுபோய்விட்டது. சட்டப் படிப்பு அதோடு நின்றது. நூலகர் வேலைக்குப் படிக்கலாமே என்று யோசனை சொன்னது ஓர் அண்ணன். புரூக்ளின் நகரின் பிராட் கல்வி நிறுவனத்தில் படித்து முடித்த கையோடு, 1896-ல் அங்கேயே குழந்தைகள் அறையின் பொறுப்பு கிடைத்தது.

குழந்தைகளுக்கென்று நூலகத்தில் தனி அறை என்பது அப்போது புதுமை. பல நூலகங்களில் 14 வயது ஆகாத பிள்ளையை உள்ளேயே விடமாட்டார்கள். கிழித்துவிடும், கத்தும், கை அழுக்கு. காரணம் கேட்டால் இவைதான். கதைப் புத்தகம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயமும் இருந்தது. (நம் வீடுகளில் இன்றும் முழுக்கப் போய்விடவில்லை, பரீட்சை மாதம் வந்தால் தெரியும்.)

1906-ல் நியூயார்க் பொது நூலகம் தன் கிளைகள் அனைத்திலும் குழந்தைகள் பிரிவைக் கவனிக்க மூரை அழைத்துக்கொண்டது. அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். பேசக் கூடாது என்ற பலகைகளை எடுக்கவைத்தார். சிறு பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் மேசை நாற்காலி போட்டார். பிள்ளைகளே கையால் எடுத்துப் புரட்டும்படி அலமாரிகளைத் திறந்துவைத்தார். கதை சொல்லும் நேரம் வந்தது. கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அவரவர் தாய்மொழிப் புத்தகங்களையும் வாங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய பெரிய பதிவேடு. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பும் பிள்ளை, பத்திரமாக வைத்திருப்பேன், விதிகளை மதிப்பேன் என்ற உறுதிமொழியின் கீழ்த் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். முன்பணம் கிடையாது, பெயரை எழுதத் தெரிந்தால் போதும். 1913 வாக்கில் நியூயார்க் கிளைகளில் இரவல் போன புத்தகங்களில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள் புத்தகங்கள்.

எந்தக் கதையைப் படிக்கலாம் என்று சொல்லும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது. 1918 முதல் பத்திரிகையில் குழந்தைகள் புத்தகங்களுக்குத் தொடர்ந்து விமர்சனம் எழுதினார். அவர் பட்டியலில் ஏறினால் மற்ற ஊர் நூலகங்களும் வாங்கின. ஏறாவிட்டால் பதிப்பாளர் பாடு திண்டாட்டம். கைப்பையில் நிக்கோலஸ் என்ற சின்ன மரப்பொம்மையோடு அலைந்து, கூச்சப்படும் பிள்ளைகளிடம் அதை வைத்தே பேச்சுக்கொடுப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவரைக் கண்டிப்பான பெண்மணி என்று மட்டும் நினைத்துவிடுவீர்கள்.

1941-ல் ஓய்வு பெற்றார், ஆனால் ஓயவில்லை. கூட்டங்களுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். 1945-ல் இ. பி. வொயிட்டின் ‘ஸ்டூவர்ட் லிட்டில்’ அச்சுக்குப் போகுமுன் படித்தார். எலி போன்ற மகன் பிறக்கும் வீட்டின் கதை, படமாக நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழந்தைகளுக்கு எழுதுங்கள் என்று வொயிட்டைத் தூண்டியவர்களில் மூரும் ஒருவர். அவரே இப்போது இதை வெளியிடாதீர்கள் என்று நீண்ட கடிதம் எழுதினார். நிஜமும் கற்பனையும் கலந்த விதம் அவருக்கு ஒப்பவில்லை. புத்தகம் வெளிவந்தது, பிள்ளைகள் கொண்டாடினார்கள். சிலந்தியும் பன்றிக்குட்டியும் நண்பர்களாகும் ‘ஷார்லட்ஸ் வெப்’ 1952-ல் வந்தது. அதிலும் குறை கண்டார்.

மார்கரெட் வைஸ் பிரவுனின் ‘குட்நைட் மூன்’ கதை இன்னும் வேடிக்கை. 1947-ல் வெளிவந்தது. மூர் ஓய்வு பெற்றிருந்தாலும் நூலகத்தில் அவர் ரசனைதான் ஆண்டது. நியூயார்க் பொது நூலகம் அதை வாங்கியது 1972-ல். மூர் 1961-லேயே, 89 வயதில் காலமாகியிருந்தார். தன் 125 ஆண்டுகளில் அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்களை 2020-ல் அந்நூலகம் வெளியிட்டபோது ‘குட்நைட் மூன்’ அதில் இல்லை. அத்தனை வருஷம் அலமாரியில் இல்லாததால் வந்த நஷ்டம் இது என்று நூலகமே தனிக் குறிப்பாகச் சேர்த்தது.

மூரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த எலியை வைக்க ஒரு குழந்தைகள் அறை இருந்ததே அவரால்தான். பிடிக்காதவற்றைச் சொன்னதும் தவறில்லை, பிள்ளைகள் கையில் ஒரு முறை கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

நான் பெட்டிக்குள் போட்ட இரண்டு புத்தகங்களும் மேல்தட்டுக்கு வந்துவிட்டன. அலமாரிப் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறோம். எந்தக் கதையை நண்பருக்குச் சொல்வாய், ஏன் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதில் எழுதட்டும். பிழை திருத்தப் பெரியவர்கள் உட்கார வேண்டாம். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், தயவுசெய்து அவிழ்த்துக்கொண்டு போகாதீர்கள்.